மூன்றாம் கட்டத்துச் சுண்ணாம்பு

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருஷம் யோசித்திருக்கிறேன். இரண்டு தடவை ஏர்மெயில் தாளில் ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் நலம் விசாரித்த வரியோடு பேனா நின்றுவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யைக்கூட முடிக்காதவன், எனக்கு எழுத வராது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. ஸ்டோர்கீப்பர் வேலையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதுகிறவன்தான் நான். எழுத வராமல் இல்லை. எழுதப் பயமாக இருந்தது.

இப்போது எழுத வைத்தவள் என் மகள் வள்ளி. அவளுக்குப் பத்து வயது. துபாயில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். எங்கள் கம்பெனி மேனேஜர் மிஸ்டர் கிளேட்டன் ஒரு ஓட்டக் கிளப்பில் இருக்கிறார். அந்தக் கிளப்பார் வருஷத்துக்கு ஒரு தடவை பாலைவனத்தில் தொடர் ஓட்டப் பந்தயம் நடத்துவார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் சைக்ளோஸ்டைல் செய்த தாள் ஒன்று எல்லாருக்கும் போகும். ஐஸ், தண்ணீர், ஆரஞ்சுப் பழம் எல்லாம் எங்கள் ஸ்டோரிலிருந்து போவதால் எனக்கும் ஒன்று வரும். நான் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பவன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிக் கும்பிட்டு எழுந்து, அந்தத் தாளை வள்ளியிடம் கொடுத்து எத்தனை பெட்டி ஆரஞ்சு என்று பார்க்கச் சொன்னேன்.

அவள் ஆரஞ்சைத் தேடாமல் வேறொரு பக்கத்தில் நின்றுவிட்டாள். படித்துப் படித்துச் சிரித்தாள். என்ன என்று கேட்டேன்.

"டாடி, ஸோ ஃபன்னி. ஒரு குக் மாவைத் திருடிட்டு, அதுக்குப் பதிலா சுண்ணாம்பு வச்சிட்டானாம். ஒரு அங்கிள் அதைப் பார்த்து ஓடி ஓடி சேத்துக்குள்ள போய் விழுந்துட்டாராம்."

கிளப்பின் பழைய வேடிக்கைகள் என்று அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு. கீழே ஒரு படம். பெரிய தலைப்பாகையும் பானை வயிறுமாக ஒருவன், தலையில் மூட்டையோடு பதுங்கிப் பதுங்கி நடக்கிறான். வள்ளி அந்தப் படத்தை அடுப்படிக்குக் கொண்டுபோய் அவள் அம்மாவுக்கும் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சமையல்காரரின் பெயர் மாரியப்பன். அவர் தலைப்பாகை கட்டியதில்லை. வயிறும் கிடையாது, ஒல்லியான ஆள். மாவைத் திருடவும் இல்லை. அவருக்கு அதைக் கொடுத்தவன் நான்.

2

நான் துபாய்க்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். திருநெல்வேலியிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கப்பல். துபாய் ஓரத்தில் அல் குசைஸ் என்றால் இப்போது கட்டடமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு எங்கள் கேம்ப், கல் உடைக்கும் கிரஷர் இரண்டு, அதைத் தாண்டினால் வெறும் மணல். தகரக் கூரை போட்ட ரூமில் எட்டுப் பேர். முருகன் படத்தை என் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தேன். காலையில் மூடியைத் திறந்தால் கோவில், மூடினால் பெட்டி. அப்படித்தான் இருந்தது.

ஓட்டக் கிளப் ஆட்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். இஞ்சினியர்கள், பாங்கில் வேலை பார்ப்பவர்கள், கப்பல் கம்பெனிக்காரர்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடி ஓடுவார்கள். யார் முதலில் வருகிறார் என்ற கணக்கெல்லாம் அதில் இல்லை. இரண்டு பேர் முன்னாலேயே போய் மாவைக் கைப்பிடி கைப்பிடியாக மண்ணில் போட்டுக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னால் ஓடி வர வேண்டும். சில இடத்தில் மாவால் ஒரு வட்டம் போட்டிருக்கும். அங்கே வழி அறுந்துவிடும். நாலு பக்கமும் தேடி அடுத்த மாவைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவன் கத்துவான், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். வேகமாக ஓடியவன் தேடித் திண்டாடும்போது மெதுவாக வந்தவனும் வந்து சேர்ந்துவிடுவான். கடைசியில் பிக்கப் வண்டியைச் சுற்றி நின்று பீர் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடுவார்கள்.

எங்கள் டிரைவர் குல்சார் கான், பெஷாவர்க்காரர், அவர்களைப் பாகல் லோக் என்பார். பைத்தியக்காரர்கள் என்று அர்த்தம். கேம்ப் ஆட்கள் வேலியோரம் நின்று, பின்னால் போலீஸ் துரத்துகிறதா, விசா கொடுத்த கஃபீல் முதலாளி துரத்துகிறாரா என்று பந்தயம் கட்டிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் திருச்செந்தூருக்கு விரதமிருந்து கால்நடையாகப் போனவன். உடம்பை வருத்திப் போவது எனக்குப் புரியும். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சன்னிதி இருக்க வேண்டாமா? இவர்கள் எங்கே கிளம்பினார்களோ அங்கேயேதான் வந்து நிற்பார்கள். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபீசில் ஏறிட்டுப் பார்க்காத பெரிய அதிகாரிகள்கூட அங்கே சாதாரண ஆட்களோடு தோள்மேல் கைபோட்டு நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது மாவு. உணவை மண்ணில் எறிந்து அதன்மேல் செருப்புக் காலோடு ஓடுகிறார்கள். ஆடுகள் பின்னாலேயே வந்து நக்கிக்கொள்ளும், வீணாகாது என்று மேனேஜர் சொல்லுவார். எனக்கு மனம் ஒப்பவில்லை. குல்சார் கானுக்கும் ஒப்பவில்லை. ரொட்டித் துண்டு கீழே கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி மதில்மேல் வைக்கிற ஆள் அவர். மாவு போடும் நாளில் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்.

3

தொடர் ஓட்டம் வேறு. அதில் ஜெயிப்பு தோல்வி உண்டு. ஒரு அணிக்கு ஐந்து பேர். எங்கள் கேம்ப் பக்கம் கிளம்பி, மணலும் சரளையுமான வெளியைத் தாண்டி, அல் கவானீஜ் பேரீச்சந்தோட்டம் வரை. ஐந்து கட்டம். ஒருவன் தன் கட்டத்தை ஓடி, கையிலிருக்கும் குச்சியை அடுத்தவனிடம் கொடுப்பான். ஒவ்வொருவனும் தனியாக ஓட வேண்டியிருப்பதால் இதில் வட்டமும் கிடையாது, ஏமாற்று வழியும் கிடையாது. மாவு நேராகத் தெரிய வேண்டும். அதுதான் முக்கியம் என்று மேனேஜர் பல தடவை சொல்லியிருந்தார்.

நான் சொல்லும் வருஷம் பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை பந்தயம். மூன்றாம் கட்டத்துக்கு வழி போடும் வேலையை என்னிடமும் குல்சார் கானிடமும் விட்டார்கள். கிளப்பின் பெயரை நீலப் பெயிண்டில் எழுதிய இரண்டு மூட்டை மைதா ஸ்டோருக்கு வந்தது.

அந்த நாட்களில் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல்கள் வாரக்கணக்கில் கடலில் நிற்கும். கேம்ப்புக்கு மாவு வந்து பல நாள் ஆகியிருந்தது. கேம்ப் மெஸ்ஸில் மூன்று வேளையும் சோறும் பருப்பும்தான். சோறும் அளந்துதான். வடக்கத்தி ஆட்கள் ரொட்டி இல்லாமல் முகம் வாடிக் கிடந்தார்கள். மெஸ்ஸில் சமையல் மாரியப்பன். சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரர். முப்பது வயதிருக்கும், என்னைவிட ஆறேழு வயது இளையவர். ரொட்டி எங்கே என்று இந்திக்காரர்கள் கேட்டால், "ரொட்டி கப்பல்ல வருது பாய், அது நீந்தத் தெரியாத ரொட்டி" என்பார். இந்தி பாதி, தமிழ் பாதி. அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த இரண்டு மூட்டையையும் வண்டியில் ஏற்றினேன். ஏற்றின பிறகு என்னால் முடியவில்லை. பசித்த ஆட்கள் பார்க்க இதைக் கொண்டுபோய் மண்ணில் கொட்டுவதா என்று தோன்றியது. ஸ்டோரில் சுண்ணாம்புத் தூள் அடுக்கி வைத்திருந்தது. அஸ்திவாரத்துக்குக் கோடு போட வைத்திருப்பது. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. ஓடுகிறவன் காலுக்கு என்ன தெரியப்போகிறது? குல்சார் கானிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வண்டியை அவரே மெஸ்ஸின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

மாரியப்பன் நீல எழுத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"யாரும் கேட்டா என்ன சொல்ல, அண்ணாச்சி?"

"நான் பாத்துக்கிறேன். நீ ரொட்டியைப் போடு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முழு கேம்ப்பும் பரோட்டா தின்றது. நானும் தின்றேன். முருகன் எனக்கு நல்ல புத்தி கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

4

நான் செய்த தப்பு ஸ்டோர்கீப்பர் ஒருவன்தான் செய்யக்கூடியது. பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் சர்வேக்காரர்கள் அதே சுண்ணாம்பில் ஆறு சிப்பம் வாங்கிப் போயிருந்தார்கள். சீட்டில் கையெழுத்து வாங்கி நான்தான் இஷ்யூ செய்தேன். எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அது ஸ்டோர் வேலை இல்லை. புதிதாக வரப்போகிற ரோட்டுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஐம்பது தப்படிக்கு ஒரு சின்னச் சுண்ணாம்புக் குவியல். அந்த ரோட்டுக் கோடு எங்கள் மூன்றாம் கட்டத்தின் நடுவில் குறுக்கே போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் காற்றும் புழுதியும். வண்டியின் பின்னால் உட்கார்ந்து போட்டுக்கொண்டே போன எனக்கு அது கண்ணில் படவில்லை. நான் மாவு போட்டிருந்தால் மாவின் பழுப்பு வெள்ளைக்கும் சுண்ணாம்பின் பளீர் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். இப்போது ஒரே வெள்ளையில் இரண்டு வழி.

முன்னால் ஓடியவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து ஓடியதால் சரியாகப் போய்விட்டார்கள். பாங்க் அணியில் மூன்றாம் கட்டம் ஓடியவர் ஐம்பது வயதுக்காரர், மிஸ்டர் டாப்சன். அவர் கிளம்பும்போது முன்னால் யாரும் கண்ணில் இல்லை. குறுக்குக் கோட்டில் வந்ததும் இடதுபக்கம் திரும்பியிருக்கிறார். அந்தப் பக்கம் சப்கா. மேலே பொரிந்த உப்பு, காய்ந்த தரை மாதிரி தெரியும். உள்ளே களி. சர்வேக்காரர்கள் ஓரத்தோடு நின்றுவிட்டார்கள். இவர் அடுத்த அடையாளத்தைத் தேடி உள்ளே போயிருக்கிறார்.

நாலாம் கட்டத்தில் குச்சிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். பந்தயம் முடிந்து, பீர்ப் பெட்டியைத் திறக்கும்போதுதான் ஒரு ஆள் குறைகிறது என்று எல்லாருக்கும் உறைத்தது. வண்டிகள் நாலு பக்கமும் போயின. குல்சார் கான் ரோட்டுக் கோட்டில் ஒற்றை ஆளின் ஷூத் தடத்தைப் பார்த்து வண்டியை விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவரைக் கண்டோம். தொடைவரை சேறு. கணுக்கால் பிசகி, தவழ்ந்து வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். குச்சி மட்டும் கையில் இருந்தது. தண்ணீரை நான்தான் அவர் வாயில் ஊற்றினேன். குடித்துவிட்டு எனக்குத் தேங்க் யூ சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். பிழைத்துக்கொண்டார். பிறகு அவர் நாட்டுக்கே போய்விட்டார்.

5

சனிக்கிழமை காலை மேனேஜர் ஆபீஸ். அவருக்கு ராத்திரியே சுண்ணாம்பு என்று தெரிந்துவிட்டது. மாவு எங்கே என்று தேடி, மெஸ்ஸில் நீல எழுத்து மூட்டை இரண்டையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்று பாதி, ஒன்று கட்டு அவிழ்க்காமல். மாரியப்பனைக் கூப்பிட்டார்கள். மாரியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத்தான் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆகவே என்னை நடுவில் நிற்க வைத்தார்கள்.

சமையல்காரன் மாவைத் திருடி, அதன் இடத்தில் சுண்ணாம்பு மூட்டையை வைத்து என்னை ஏமாற்றிவிட்டான் என்று மேனேஜர் தானாகவே முடிவு கட்டியிருந்தார். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. மாவு அவன் கையில் எப்படி வந்தது, கேள் என்றார். கேட்டேன். மாரியப்பன் என்னைப் பார்த்துச் சொன்னது இது. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"சார்கிட்டச் சொல்லுங்கண்ணாச்சி. வியாழக்கெழமை நீங்களும் கான் பாயும் மூட்டையைக் கொண்டாந்து எறக்குனீங்க. மண்ணுல கொட்ட மனசு வரலை, ஆளுக பசியா கெடக்காங்க, ரொட்டி போடுன்னீங்க. யாரும் கேட்டா பாத்துக்கிறேன்னீங்க. நான் ஒரு மூட்டையைத்தான் பிரிச்சேன். இன்னொண்ணு அப்படியே இருக்கு, எடுத்துக்கிடச் சொல்லுங்க. ஓடுன பெரியவருக்கு அடிபட்டது எனக்கும் சங்கடமா இருக்குன்னு சொல்லுங்க. அவருக்குக் கஞ்சி வச்சு அனுப்பலாமான்னும் கேளுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறான் என்றார்.

அவர் மேஜையில், இடதுகை ஓரத்தில், என் பெண்சாதிக்கும் வள்ளிக்கும் விசா வாங்குவதற்கான காகிதங்கள் இருந்தன. கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் கஃபீலிடம் போகும், கஃபீல் முத்திரை வைத்தால்தான் இமிக்ரேஷனுக்குப் போகும். எட்டு மாதம் அலைந்து அந்த மேஜை வரை வந்திருந்தது. வள்ளிக்கு அப்போது ஆறு வயது. அவள் பிறந்த பிறகு நான் அவளோடு இருந்தது மொத்தம் நாலு மாதம்.

"தெரியாது என்கிறான், சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

தெரியாமல் மூட்டை நடந்தா வந்தது என்றார் மேனேஜர். இதை நான் மாரியப்பனுக்குத் தமிழில் சொல்லவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளார்க் வந்தார். வேலையை முடிக்கிற காகிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் திருட்டு என்று டைப் அடித்தார். மாரியப்பன் தமிழில் கையெழுத்துப் போட்டார். அது என்ன காகிதம் என்று அவர் கேட்டதற்கு ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் பெட்டியோடு வண்டியில் ஏறும்போது நான் போய் நின்றேன். கேம்ப்பில் எல்லாரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள். சத்தம் போடுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே பேசினார்.

"நான் அவ்வளவு நேரம் பேசினேன் அண்ணாச்சி. நீங்க நாலு வார்த்தையில முடிச்சிட்டீங்க."

 கயிற்றை முடிந்துவிட்டு, "வீட்டுல வர்றாங்களா?" என்றார். வருகிறார்கள் என்றேன். "வரட்டும்" என்றார். வண்டி போய்விட்டது.

அந்த வாரம் குல்சார் கானை லாரியோடு அபுதாபி சைட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து மாரியப்பன் எங்கே என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அதுவரை சகோதரன் என்கிற அர்த்தத்தில் என்னைப் பாய் என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து ஸ்டோர்கீப்பர் சாப் என்று கூப்பிடுகிறார். இன்றைக்கும் அப்படித்தான்.

6

மூன்று வாரத்தில் என் குடும்பம் வந்து சேர்ந்தது. மூன்று பேர் ஒரு ரூமில். ஸ்டவ், ஒரு கட்டில், முருகன் படத்துக்குச் சுவரில் பலகை. வள்ளி தமிழில் கேள்வி கேட்டபடி வந்தாள். இப்போது நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். திருநீறு பூசிவிட்டால் பள்ளிக்கூட வாசலில் துடைத்துவிடுகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். இதையெல்லாம் குறையாக எழுதவில்லை. இவ்வளவு விலை கொடுத்து வரவழைத்தேனே, அதனால் அவள் எனக்கு அதிகமாகக் கண்ணில் படுகிறாள்.

லீவில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். முதல் தடவை திருச்செந்தூரில் மொட்டை போட்டுச் சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை ராமேஸ்வரம் போனோம். பஸ் சாயல்குடியில் பத்து நிமிஷம் நின்றது. வள்ளிக்குக் கடலை வாங்க இறங்கலாமா என்று பெண்சாதி கேட்டாள். வேண்டாம், பஸ் எடுத்துவிடுவான் என்றேன்.

அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கேம்ப்புக்குப் புதிதாக வந்தபோது மெதுவாக விசாரித்தேன். மாரியப்பனுக்கு முன்னால் அவரைப் பற்றிய பேச்சு ஊருக்குப் போய்விட்டதாம். கேம்ப்பிலிருந்து யாரோ கடிதம் எழுதியிருக்கிறார்கள். மைதாத் திருடன் என்று ஊரில் பெயர் வைத்துவிட்டார்களாம். சின்னப் பிள்ளைகள்கூட அந்த வீட்டை மைதாக்காரன் வீடு என்றுதான் சொல்லுமாம். கல்யாண வீடுகளில் சமைக்கக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் சாமான் அறைச் சாவியை வேறு ஆளிடம்தான் கொடுப்பார்களாம். தங்கைக்கு வந்த சம்பந்தம் ஒன்று தட்டிப்போயிற்றாம். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டால், "சொல்ல வேண்டியவங்க சொல்லுவாங்க" என்பாராம். 

7

வள்ளி அந்தத் தாளைப் படித்துச் சிரித்த அன்று, இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.  என் பெண்சாதி, "அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டோம். அவ்வளவுதானே? அங்கனேயே இருந்திருப்போம்" என்றாள். வள்ளி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அங்கிளுக்கு இது தெரியுமா என்று தமிழில் கேட்டாள். எந்த அங்கிள் என்றேன். "குக் அங்கிள்" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை மேனேஜரிடம் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். என் இங்கிலீஷில் நிறையத் தப்பு இருந்திருக்கும், ஆனால் எதையும் விடவில்லை. அவர் பைப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றார். குடும்பக் காகிதம் உங்கள் மேஜையில் இருந்தது என்றேன். அவர், "உன்னை அனுப்பியிருக்க மாட்டேன். திட்டியிருப்பேன். நல்ல ஸ்டோர்கீப்பர் கிடைப்பது கஷ்டம். சமையல்காரன் எப்போது வேண்டுமானாலும் கிடைப்பான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். ஒன்றும் இல்லாததற்குப் பயந்து ஒருவனைக் கொடுத்துவிட்டேன்.

மாரியப்பன் திருடவில்லை என்று கம்பெனித் தாளில் எழுதித் தரச் சொல்லி கிளார்க்கிடம் போனேன். வேலையை முடிக்க ஃபாரம் இருக்கிறது, முடித்ததைத் திருத்த ஃபாரம் இல்லை என்றார். ஃபைல் கலாஸ், முடிந்துபோன விஷயம் என்றார். நாலு நாள் நடந்தேன். கடைசியில் மேனேஜரே இரண்டு வரி டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் வைத்தார்கள். அடுத்த தாளில் அந்த வேடிக்கையைத் திருத்திப் போடுவதாகவும் சொன்னார். பந்தயம் முடிந்துவிட்டது, தாள் இன்னும் வரவில்லை.

இரண்டு வரிக் கடிதத்தை மாரியப்பனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூடவே மன்னிப்புக் கேட்டு நானும் எழுதினேன். பதில் இல்லை. பதில் எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கடிதம் இங்கிலீஷில் இருக்கிறது. அவர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஊர் வாயை அதை வைத்து மூட முடியாது. டீக்கடையில் வாசிக்கக்கூடியது தமிழில்தான் இருக்க வேண்டும். அதனால்தான் இது.

சித்திரையில் லீவு வருகிறது. சாயல்குடியில் இறங்கி அவர் வீட்டுக்குப் போகப்போகிறேன். நான் போவதற்கு முன்னால் இது அச்சாகி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் யார், எதற்கு வருகிறேன் என்று ஊருக்குத் தெரிந்திருந்தால், வழியில் மனம் மாறித் திரும்பிவிட என்னால் முடியாது. என்னை எனக்குத் தெரியும்.

வாசிக்கிறவர்களுக்கு, முக்கியமாக அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், கையில் கொடுங்கள், கூட்டமாக இருக்கும் இடத்தில் உரக்க வாசியுங்கள். ஆனால் உள்ளபடியே வாசியுங்கள். பசித்தவனுக்கு மாவு கொடுத்த புண்ணியவான் என்று என்னை ஆக்கிவிடாதீர்கள். பெண்டு பிள்ளைக்காகத்தானே செய்தான் என்று இரக்கப்பட்டு நான் சொன்ன பொய்யைச் சின்னதாக்காதீர்கள். வேடிக்கைக் கதையாகவும் ஆக்க வேண்டாம், அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். என் பாகம் நீளமாக இருக்கிறதே என்று தோன்றினால் அதில் எதை வேண்டுமானாலும் வேகமாக வாசித்துக்கொள்ளுங்கள். மேனேஜர் ஆபீசில் மாரியப்பன் பேசும் இடம் வரும்போது மட்டும் நிறுத்தி, நிதானமாக, அந்தக் கஞ்சியைப் பற்றிக் கேட்டது வரைக்கும் முழுவதையும் வாசியுங்கள்.